சேலைக்கொரு வணக்கம்

சங்கரபாண்டி அண்ணாச்சி ஜவுளிக்கடையில தீபாவளிக் கூட்டம் நெரியுது. பில்லு போடுற கம்ப்யூட்டரோ ஒவ்வொரு சேலைக்கும், "கொடைவள்ளல் சங்கரபாண்டியின் வணக்கம்"னு முழுசாப் பேசிட்டுத்தான் வெல போடும்.

புரோகிராம் எழுதுற பேச்சித்தாயிட்ட அண்ணாச்சி கத்துனாரு. "இது வேகமா ஓடணும். என் பட்டத்துல ஒரு எழுத்து கொறஞ்சாலும் உனக்கு வேல போச்சு!"

பேச்சி புரோகிராம்ல அந்த வணக்க வரிய அப்படியே தூக்கி, ஒவ்வொரு சேலைக்கும் திரும்பத் திரும்பச் சுத்துற கணக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வச்சா. பில்லுக்கு ஒரே வணக்கம். வரிசை பறந்துச்சு.

"ஏட்டி, மத்த வணக்கமெல்லாம் எங்க?"

"எழுத்து ஒண்ணும் கொறையல அண்ணாச்சி. சேலைக்குச் சேலை மாறுற வெலதான் உள்ள சுத்தணும். உங்க பெருமையும் அப்படி மாறும்னா சொல்லுங்க, திரும்ப உள்ள வச்சிடுறேன்."

வரிசையில நின்ன ஒரு அக்கா கேட்டா: "அப்ப இந்தப் பாதி வெலச் சேலைக்கு அண்ணாச்சி பாதி வள்ளலா?"

கட சிரிச்ச சிரிப்புல அண்ணாச்சி கல்லாவுக்குள்ள தலைய விட்டவருதான், வெளிய எடுக்கவே இல்ல.