பம்புக்கு மட்டும் கரண்ட்

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற குமரேசன், திருச்சியில் ஃபர்சானாவின் கம்ப்யூட்டர் கடையில் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு அறுபத்தொன்று. அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை சார் என்றாள்.

அன்று லூர்து மேரி என்கிற ஆவணப்பட இயக்குநர் தன் கம்ப்யூட்டருக்காகக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதிலிருக்கும் படத்தை அவர் விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டு வருட உழைப்பு.

கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்க அதற்குள் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. தண்ணீரைத் தள்ள உள்ளங்கை அளவில் ஒரு பம்பு. குழாய் இணைப்புகளை எல்லாம் குமரேசனே இறுக்கியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியிருந்தார்.

"சுவிட்சைப் போடவா டீச்சர்?"

"போடாதீங்க. பம்பு வயரைத் தவிர எல்லாத்தையும் கழட்டுங்க."

"மதர்போர்டு வயரைக் கழட்டிட்டா பவர் சப்ளை ஓடாதே! பம்புக்கு மட்டும் எப்படிக் கரண்ட் குடுப்பீங்க?"

ஃபர்சானா மேசையிலிருந்து ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து நிமிர்த்தினாள். போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் அந்தக் கிளிப்பால் இணைத்தாள். சுவிட்சைப் போட்டாள். பம்பு 'களக்' என்று ஒரு மடக்கு குடித்துவிட்டு ஓட ஆரம்பித்தது.

குமரேசன் ஓர் அடி பின்வாங்கினார்.

"டீச்சர், இது கொக்கி போட்டுக் கரண்ட் திருடுறது! ஊர் ஊராப் போய் இதைப் பிடிச்சவன் நான்."

"போர்டு இருக்குன்னு பவர் சப்ளை நம்பிடுச்சு. அவ்வளவுதான் சார்."

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"கேஸ் எழுதுறதுன்னா டீ குடிச்சிட்டு எழுதுங்க."

பிறகு அவள், கசிந்தால் தெரிய, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ காகிதம் விரித்தாள்.

குமரேசனின் முகம் சுருங்கியது. "நான் சுவிட்சைப் போட்டா நாலு தாலுகாவுல விளக்கு எரியும். என் கை வேலையை டிஷ்யூ வச்சுப் பார்க்கணுமா?"

லூர்து மேரி கடிகாரத்தைப் பார்த்தார். "சார்தான் அவ்வளவு சொல்றாரே. ஆன் பண்ணிடலாமே?"

ஃபர்சானா டிஷ்யூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பு ஓடியது. குழாயில் குமிழ்கள் வரிசையாகப் போயின.

நாற்பதாவது நிமிடம், மூன்றாவது டிஷ்யூவின் நடுவில் ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அப்பளம் அளவுக்கு விரிந்தது.

ஃபர்சானா சுவிட்சை அணைத்து இணைப்பைத் திறந்தாள். ரப்பர் வாஷர் நசுங்கி இரண்டாகப் பிளந்திருந்தது.

"நல்லாத்தானே இறுக்கினேன்," என்றார் குமரேசன்.

"ரொம்ப நல்லா இறுக்கிட்டீங்க."

"போர்டு ஆன்ல இருந்திருந்தா டீச்சர்?"

"அது மேல தண்ணி விழுந்து கருகியிருக்கும்."

லூர்து மேரி சட்டென்று எட்டி, தன் தண்ணீர் பாட்டிலை மேசையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

புது வாஷர் போட்டார்கள். இந்த முறை குமரேசன் இரண்டே விரலால் திருகினார். பம்பு மறுபடி ஓடியது. ஒரு மணி நேரம் ஆகியும் டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தன. போர்டு வயரை மாட்டினார்கள். திரை வெளிச்சமானது. லூர்து மேரி பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

குமரேசன் பிளந்த வாஷரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"ஆரம்பத்துலேருந்தே நீங்க என்னை நம்பலை. அப்படித்தானே டீச்சர்?"

"நம்பலைன்னா நானே இறுக்கியிருப்பேன் சார்."