ஓடைக்கல் வீடு

"பன்னிரண்டு வருஷமாக் கல் அடுக்குறேன் தாயி. இன்னும் வாடகை வீடுதான்" என்றார் பலவேசம்.

நீராழி மலையில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீடு வேண்டுகிறவர்கள் ஓடையிலிருந்து கல் எடுத்து, கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போவார்கள். அடுக்கு சரியாமல் நின்றால் வீடு அமையும். அடுக்கியவர் கையாலேயே கலைத்தால் வேண்டுதல் போச்சு.

சும்மா சொல்லக்கூடாது, பலவேசம் அதில் கில்லாடி. பஸ் கண்டக்டர் வேலை. சித்திரை பிறந்தால் நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு மலையேறிவிடுவார். அத்தனை பேருக்கும் அடுக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

ஆவுடைத்தாய் ஓடைக்கரைக் குகையில் இருக்கிறவள். அவரைவிடப் பத்து வயது இளையவள். அதனால் என்ன, அவருக்கு அவள்தான் குரு.

"இப்ப என்னண்ணே அவசரம்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். பத்து நாள்தான் கெடு. பிள்ளைக்குப் பரீட்சை நேரம் வேற. எங்க போவேன்?"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. பாவம், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன்.

"பத்து நாள்ல எப்படிண்ணே? அநியாயமா இருக்கே!" அவளுக்கும் கண் கலங்கியது.

"அதான் இந்தத் தடவை ஒன்பது கல். எட்டு நின்னுட்டுது. நல்ல தட்டைக் கல்லா இன்னும் ஒண்ணு வேணும்."

ஆவுடைத்தாய் திரும்பிப் பார்த்தாள். கரை நெடுகக் கல் அடுக்குகள். ஓடைத் தண்ணீருக்கடியில் வெறும் மணல்.

"இங்க தவளைச் சத்தம் கேட்டே ரெண்டு வருஷமாச்சு" என்றாள்.

"மழை கம்மி தாயி."

"இருக்கும்." அவள் ஓடையின் நடுவே கை காட்டினாள். "அந்தா ஒண்ணு கிடக்கு. போய் எடுங்க."

பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினார்.

அடியில் ஒரு நண்டு. அதன் வயிற்று மடிப்பில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள்.

நண்டு இடப்பக்கம் ஓடியது. ஒதுங்க ஒரு கல் இல்லை. வலப்பக்கம் ஓடியது. அங்கேயும் இல்லை. கடைசியில் பழைய பள்ளத்துக்கே திரும்பி வந்து, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்தது.

மேலே கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து அமர்ந்தது.

"ஐயையோ! இது எங்க போகும் தாயி?"

"எத்தனை நாள் கெடு குடுத்தீங்கண்ணே?"

பலவேசம் கல்லோடு அப்படியே நின்றார்.

பிறகு குனிந்து, நண்டு நசுங்காமல், கல்லை அதே பள்ளத்தில் பைய இறக்கினார். கரையேறி வந்தார். தன் அடுக்கின் உச்சிக் கல்லை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடைக்குள் நடந்து, மணலில் வைத்தார். அடுத்த கல்லை எடுக்கவும் வந்தார்.

கூட வந்த நாற்பது பேரும் அடுக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் மனைவி செண்பகம் பதறி ஓடி வந்தாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? தெருவுல நிக்கப் போற நேரத்துல, நம்ம வீட்டை நீங்களே கலைக்கிறீங்களே!"

பலவேசம் நிமிரவில்லை.

"வீடுதான் கட்டுறேன். நீயும் ஒரு கல்லு எடு."