நடுவில் வந்த பந்து

சவரிராயன் ஒரு காலத்தில் பேர் போன கோல்கீப்பர். கையுறையைக் கழற்றிய பிறகு பயிற்சியாளர் ஆனார். பதினைந்து வருடத்தில் பதினொரு கிளப். கொல்கத்தா, கோவா, ஷில்லாங், மாலத்தீவு, மஸ்கட் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் பிறந்த வடசென்னைக்கே ஒரு கிளப்பைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தார். ஆறு பாஷையில் 'பந்தை விடாதே' என்று கத்தத் தெரியும். அதில் ஒன்றில்கூடக் கத்தரிக்காய் வாங்கத் தெரியாது என்று வீரர்கள் கேலி பேசுவார்கள்.

அவருக்குத் துணைப் பயிற்சியாளர் மதிவாணன். நாற்பத்தொரு வயது. ஆடிய காலத்தில் முன்வரிசை ஆட்டக்காரர். தொழிலை மாஸ்டர் சவரிராயனிடம்தான் கற்றார். கடைசி மூன்று கிளப்புக்கும் அவர் பின்னாலேயே போனார். மாஸ்டர் போன இடமெல்லாம் முன்னேற்றம் என்றே நம்பிய மனிதர்.

அந்த வருடம் அணி தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றது. பட்டியலில் கடைசி இடம். இன்னும் எட்டு ஆட்டம் பாக்கி. அதற்குள் மேலே ஏறாவிட்டால் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். நிர்வாகிகள் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இந்த நேரத்தில்தான் கோழிக்கோட்டில் ஒரு கிளப் மதிவாணனைக் கூப்பிட்டது. தலைமைப் பயிற்சியாளர் பதவி. மறுநாள் மதியத்துக்குள் பதில் வேண்டும் என்றார்கள். மனசு பாதி அங்கே போய்விட்டது. மீதிப் பாதியில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரே வீடு வீடாகப் போய்ப் பேசி, அணிக்குக் கூட்டி வந்த ஒன்பது பேர். அதில் ஒருவன் துறைமுக வேலையை விட்டுவிட்டு வந்தவன். நீங்க இருக்கீங்கன்னுதான் வந்தேன் என்று போன வாரம்கூடச் சொன்னான்.

மாஸ்டர் தடுக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். பதினொரு கிளப் தாண்டியவர் எந்த முகத்தோடு தடுப்பார்? அவர் வாயால் 'போ' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

மறுநாள் காலைப் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கேட்டார்.

"மாஸ்டர், நான் போகலாமா?"

சவரிராயன் விவரம் முழுதும் கேட்டுக்கொண்டார். கையுறையை மாட்டிக்கொண்டு போய் கோலுக்கு நடுவே நின்றார். பெனால்டி புள்ளியில் பந்தை வைக்கச் சொன்னார்.

"என் நெஞ்சுக்கு நேரா அடி. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வேணாம்."

மதிவாணன் தயங்கினார். மாஸ்டர் முட்டி போன மனிதர். மெதுவாகத்தான் அடித்தார். பந்து நெஞ்சுக்கு நேராகத்தான் போனது. ஆனால் சவரிராயன் இடது பக்கம் பாய்ந்து விழுந்திருந்தார். காலியாகக் கிடந்த நடுவில் பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்தது.

"இன்னொண்ணு."

இந்த முறை வலது பக்கம் பாய்ந்தார். கோல்.

மூன்றாவதற்கு முன்னால், இப்போது அசையமாட்டேன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டார். குதிகாலை மண்ணில் அழுத்தி ஊன்றினார். பந்து கிளம்பியது. அவரும் கிளம்பிவிட்டார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

மதிவாணன் ஓடிப் போய்த் தூக்கி, கம்பத்தில் சாய்த்து உட்காரவைத்தார். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது.

"நடுவுலதான் வருதுன்னு தெரியும்ல மாஸ்டர். சும்மா நின்னிருந்தாலே புடிச்சிருக்கலாம்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் தாவுறீங்க?"

"தாவிட்டு கோல் வுட்டா, பாவம், முயற்சி பண்ணான்னு சொல்வாங்க. நின்னுகினு வுட்டா, மரமாட்டம் நின்னான்னு சொல்வாங்க. அந்தப் பேச்சுக்குப் பயந்து தாவிப் பழகிட்டேன். இப்போ பாக்க ஒருத்தரும் இல்ல. அப்பவும் உடம்பு கேக்குதா பாரு."

பிறகு ஷில்லாங் கதையைச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அங்கே நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றதும் மாலத்தீவிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களாக அனுப்புவதற்குள் நாமாகப் போய்விடுவோம் என்று கிளம்பிவிட்டார். வழியனுப்ப வீரர்கள் பஸ் நிலையம் வரை வந்தார்கள். அவரால் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எட்டு மாதம் கழித்து அதே அணி கோப்பை வாங்கியது. அதை ஒரு ஓட்டல் டிவியில் பார்த்தார். பதினொரு பேரில் ஏழு பேர் அவர் பொறுக்கி எடுத்தவர்கள். அவர்களோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் வேறு யாரோ. பக்கத்து மேஜைக்காரரிடம் அது என் டீம் என்று சொல்ல வாய் எடுத்து, வெட்கமாக இருந்ததால் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாராம்.

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மதிவாணன் அவர் கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அப்போ இங்கயே இருந்தா மேல வந்துடுவோமா மாஸ்டர்?"

சவரிராயன் மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரியாதுப்பா. தோத்த டீம் அப்புறம் என்ன ஆவுதுன்னு, பதினொரு ஊர்ல ஒரு ஊர்லகூட நான் இருந்து பாத்ததில்ல."