ஈர வைக்கோல்

"இந்தப் பிள்ளை என்கிட்ட ஒட்டுமா, அம்மா?" என்று கேட்டாள் பூரணி.

இறந்துபோன தங்கையின் குழந்தை அது. ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து பூரணி தூக்கினாலே வீறிட்டது. மடியை நனைத்தால் போதும், அவள் ஓடிப்போய்த் தலைக்குக் குளித்துப் புடவை மாற்றுவாள்; குழந்தையையும் அரப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். பூஜைக்குப் பூக் கட்டுகிறவள் தீட்டோடு இருக்கலாமா?

"சாயங்காலம் காப்பகத்து ஆட்கள் வர்றாங்க. கொடுத்துடட்டுமா?"

குரு மரகதம்மை, இடுப்பில் அழும் குழந்தையோடு அவளை நெற்குதிருக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே வைக்கோலுக்குள் ஒரு வீட்டுச் சுண்டெலி குட்டிகளோடு படுத்திருந்தது. குருவின் கையில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் வேறு இரண்டு குட்டிகள்.

"இதுக வயல் சுண்டெலிக் குட்டிங்க. உழும்போது தாய் செத்துப்போச்சு."

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?"

"உன் கண்ணுக்கு. பங்காளிதான், ஆனா மூத்திர வாசனை வேற. சரக்கு ஒண்ணு, அளவு வேற. மிளகாய், மல்லி, சீரகம்தான் எல்லா வீட்டிலேயும். எல்லா வீட்டுக் குழம்பும் ஒரே மாதிரியா மணக்குது?"

பூரணி ஒரு குட்டியை எடுத்துக் கூட்டோரம் வைத்தாள். தாய் முகர்ந்தது. சட்டென்று பல்லைக் காட்டிப் பாய்ந்தது.

"ஐயோ, கடிக்குது!"

குரு வெடுக்கென்று குட்டியைத் தூக்கிவிட்டார். கூட்டின் அடியிலிருந்து, தாயின் மூத்திரம் ஊறிய ஈர வைக்கோலைப் பிடுங்கி இரண்டு குட்டிகள்மீதும் தடவினார்.

"சீச்சீ, என்ன நாத்தம்!"

"உனக்கு."

மறுபடி வைத்தார். தாய் வந்தது. மீசை துடித்தது. வாய் திறந்தது. பூரணி மூச்சே விடவில்லை.

பிடரியைக் கவ்வித் தூக்கிப்போய்த் தன் வயிற்றடியில் போட்டுக்கொண்டது. ஓடிவந்து அடுத்ததையும்.

"எடுத்துக்கிட்டா! அம்மா, எடுத்துக்கிட்டா!" பூரணி குதித்த குதியில் இடுப்பிலிருந்த குழந்தை திகைத்து, அழ மறந்தது.

"ஆனா தடவின வாசனை நாளைக்கே போயிடுமே?"

"அதுக்குள்ள அதுகளும் அந்தக் கூட்டிலேயே புரண்டிருக்கும்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அதே நேரம் பூரணியின் இடுப்பில் சூடாக ஈரம் இறங்கியது.

"அடடா! இதோ, கழுவிட்டு வந்துடறேன்" என்று கிணற்றடிப் பக்கம் திரும்பினாள்.

குரு அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"உட்காரு. காயட்டும்."