கயிறு பிடிக்கிற கை

மலைப்பள்ளியில் இந்த வருஷமும் பத்தாம் வகுப்பில் ஒருத்தரும் தேறாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு திட்டம் போட்டுக்கொண்டு கல்வி அதிகாரி இன்பசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். அங்கே தங்கிப் பாடம் நடத்தும் தெய்வானை டீச்சரிடம் படித்தவர். தலை நரைத்த பிறகும் அவர் முன்னால் உட்கார மாட்டார்.

"உன் பையன் எங்கடா படிக்கிறான்?" என்றார் டீச்சர்.

"கோயம்புத்தூர்ல, டீச்சர். நல்ல ஸ்கூல்."

"சரி. திட்டத்தைச் சொல்லு."

"ஸ்மார்ட் போர்டு, மாலை வகுப்பு, மாசாமாசம் தேர்வு. எதை விட்டுட்டேன்னு நீங்கதான் சொல்லணும்."

"வா. நம்ம ஊர் மாதன் மலைப்பாறையில தேன் எடுக்கப் போறான், பார்க்கலாம்."

பாறை விளிம்பில் மாதன் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் தொங்கி இறங்க வேண்டிய கயிறு மரத்தில் கட்டியிருந்தது. மேலே நின்று அதைப் பிடிக்க வேண்டிய மச்சினன் இன்னும் வரவில்லை.

"நான் பிடிக்கிறேன், இறங்கு" என்றார் இன்பசேகரன்.

மாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"டிரைவரையும் கூப்பிடுறேன். ரெண்டு ஆள் போதுமில்ல?"

"வேணாம் சார்."

"ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் கீழே இருக்கார். மூணு ஆள்?"

மாதன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

இன்பசேகரனுக்குச் சுருக்கென்றது. "என்ன டீச்சர் இந்த வீம்பு? மச்சினன் அவ்வளவு பெரிய பயில்வானா?"

"நோஞ்சான். உன்னில பாதி இருப்பான்."

"அப்புறம்?"

"மாதன் பொண்டாட்டி அந்த மச்சினனோட தங்கச்சி. மாதன் விழுந்தா அவதான் கைப்பிள்ளையோட தனியா நிப்பா. அதனால மச்சினன் கையிலதான் கயித்தைக் கொடுப்பாங்க. இங்கே வழக்கம் அது. நீ என்ன பண்ணுவே? மாலை போட்டுட்டு ஜீப் ஏறிடுவே."

இருவரும் பள்ளிக்குத் திரும்பி நடந்தார்கள். இன்பசேகரன் மெதுவாக ஆரம்பித்தார். "என் திட்டம் அப்படி இல்லை டீச்சர். மாவட்டக் குழு இருக்கு. அதுக்கு மேல கண்காணிப்புக் குழு. எல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க."

"ஊர்க்காரங்க?"

"கருத்துக் கேட்போம்."

"கேட்டுட்டு?"

"குழுதான் முடிவெடுக்கும்."

டீச்சர் நின்றார். கோபக்காரர்தான், ஆனால் குரல் உயரவில்லை.

"நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டா, உன் குழுவில எவன் புள்ளைடா வீட்டுல உட்காரும்?"