பதிவேட்டில் இல்லாத மாணவி

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்துக்கு ஜெபசீலி தலைவர். வயது முப்பத்தொன்று. அவரிடம் ‘சி’ என்ற கணினி மொழி படிக்க வந்த தாணுமாலயனுக்கு ஐம்பத்திரண்டு. தேர்வுப் பிரிவில் இருபது வருஷம் கோப்பு தூக்கிவிட்டு மாற்றலாகி வந்தவர். தலை நரைத்த பிறகு சீடனாவது லேசுப்பட்ட காரியமா? ஆனாலும் மனுஷன் விடாப்பிடியாகப் படித்தார்.

படிப்பை முடித்துப் போனவர்களின் கோப்புறைகள் சர்வரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றை அழிக்கத் தாணுமாலயனே ஒரு நிரல் எழுதினார். கோப்புறை ஒவ்வொன்றிலும் அதன் சொந்தக்காரரின் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து, ‘இவர் யார்?’ என்று பயனர் பதிவேட்டைக் கேட்க சி மொழியில் ஃபங்ஷன் என்று ஒரு கட்டளை உண்டு. ஆள் இருந்தால் பதிவைத் தரும். இல்லாவிட்டால் ‘நல்’, அதாவது வெறுமை, என்று கையை விரித்துவிடும். நல் வந்தால் கோப்புறையை அழி. அவ்வளவுதான் நிரல்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை ஓடவிட்டார். அழிகிற முதல் கோப்புறையின் பெயர் திரையில் வந்தது. நூருல் பஷீரா. ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிற பெண். புதன்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டியவள். உடனே நிரலை நிறுத்தினார். அதற்குள் அவள் கோப்புறை போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜெபசீலியின் அறைக்கு ஓடினார்.

"மேடம், பெரிய தப்பு பண்ணிட்டேன். பஷீராவோட கோப்புறை அழிஞ்சு போச்சு."

"ஏன் அழிச்சீங்க சார்?"

"நல் வந்துச்சு. ஆள் இல்லன்னு நினைச்சேன்."

"எர்நோவைப் பாத்தீங்களா?"

"அது என்ன மேடம்?"

ஜெபசீலி தன் திரையைப் பார்த்தார். பதிவேடு இருக்கும் சர்வர் ஒன்பதரை மணியிலிருந்தே படுத்துக் கிடந்தது.

"ஆள் இல்லன்னாலும் நல்தான் வரும். தேடவே முடியலைன்னாலும் நல்தான் வரும். ரெண்டுல எதுன்னு எர்நோங்கிற எண் சொல்லும். கேக்குறதுக்கு முன்னாடி அதுல பூஜ்யம் வைக்கணும். பூஜ்யமாவே இருந்தா ஆள் இல்ல. மாறியிருந்தா தேட முடியாமப் போச்சுன்னு அர்த்தம்."



"நகல் இருக்கா மேடம்?"

"வியாழக்கிழமை எடுத்தது இருக்கு. அதுக்கப்புறம் எழுதினது அவங்க திரையில திறந்து கிடந்தா உண்டு. மூடுறதுக்குள்ள வேற இடத்துல சேமிக்கச் சொல்லணும்."

"நீங்களே சொல்லிருங்களேன்."

"அழிச்சது நீங்க சார்."

தாணுமாலயன் பஷீராவின் பதிவு அட்டையில் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அழைத்தார். மணி அடித்தது. அந்தப் பெண்ணின் குரலை எப்படிக் கேட்பது? அழுவாளா, திட்டுவாளா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்: அவள் எடுத்துவிடக் கூடாதே என்று மனுஷன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

மணி அடித்து ஓய்ந்தது. தாணுமாலயனுக்கு மூச்சு வந்தது.

"அந்தப் பிள்ளை வெளியூர் போயிருக்கு போல மேடம். வரட்டும், சாயங்காலம் சொல்லிக்கலாம்."

ஜெபசீலி அவர் முகத்தையே பார்த்தார்.

"வெளியூர்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. மணி அடிச்சுது, எடுக்கல."

"காலைல கோப்புறைய அழிச்சீங்க. இப்ப ஆளையும் ஊர்ல இல்லாம ஆக்கிட்டீங்களே சார்."

தாணுமாலயன் அதே எண்ணை மறுபடி அழுத்தினார். எடுக்காமல் இருந்துவிடுவாளோ என்று இப்போது பயந்தார்.