கொசுறாக வந்த பூ

அந்தக் காலத்தில் மீனும் மணலும்கூட மனிதரோடு சரிக்குச் சரி வாயாடும். கடற்கரையின் மஞ்சள் பூச்செடி அப்போது ஆளுயரம் நிமிர்ந்து நிற்கும். உச்சியில் ஒரே ஒரு பூ.

அங்கே கருவாடு விற்றுப் பிழைத்தவள் முத்திருளாயி. மூக்குமேல் கோபம். பேரத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. மணல்மேட்டுக்குப் பின்னால் அவள் தன் கையால் தோண்டிய ஊற்று ஒன்றுதான் குப்பம் முழுவதற்கும் நல்ல தண்ணீர். கடலோ நாளுக்கு ஒரு முழமாக மேட்டைத் தின்றுகொண்டே வந்தது. ஊற்றில் உப்பு ஏறிவிட்டால் குப்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்து கிடந்த ஒரு விடியலில், முழங்கால் அலையில் இறங்கி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏ கடலாத்தா! இன்னும் எவ்வளவு தின்னா உனக்கு வயிறு நிறையும்?”

கடல் தூக்கத்தில் பேசுவதுபோல் பேசியது. “எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியலடி. யாராவது குறுக்கே படுத்தா நின்னுக்கிறேன்.”

பனையைக் கேட்டாள். “படுக்கிறதா? நானா?” என்றது பனை. புன்னை காதில் விழாததுபோல் இலையை ஆட்டிக்கொண்டிருந்தது. முத்திருளாயி மணலை வாரி இரண்டின் மேலும் இறைத்தாள்.

“நான் படுக்கிறேன் அக்கா,” என்றது மஞ்சள் பூச்செடி. “என் வேரும் உன் ஊற்றுத் தண்ணியைத்தானே குடிக்குது.”

சொன்னபடியே சாய்ந்து மணலில் நீண்டது. தண்டு பட்ட இடமெல்லாம் வேர் இறங்கியது. அலை வந்து தொட்டுப் பார்த்து நின்றது.

“நின்னதுக்கு விலை உண்டு. இது பூக்கிற பூவெல்லாம் எனக்கு,” என்றது கடல்.

செடி முத்திருளாயி பக்கம் திரும்பியது. “பூ போனா விதை ஏதுக்கா? என்னோட என் வம்சம் முடிஞ்சிருமே.”

வெயில் ஏறும்வரை மல்லுக்கட்டினாள் முத்திருளாயி. தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடல் இறங்கி வரவில்லை.

“சரி, எடுத்துக்கோ,” என்றவள், முந்தானையை விரித்தாள். “கொசுறு போடு.”

“அப்படின்னா?”

“பேரம் படிஞ்சா மேல ஒண்ணு போடணும். என்கிட்ட கருவாடு வாங்குறவ ஒருத்தியும் கொசுறு இல்லாம கூடையை விட்டு நகர மாட்டா. இவ்வளவு பெரிய ஆளு, இதுகூடத் தெரியாதா? கஞ்சப்பிசினாறி!”

கடல் சிரித்துவிட்டது. கரை நெடுக நுரை பூத்தது. அதில் ஒரு துளி செடியின் பூக்காம்பில் ஒட்டி, மெல்ல மெல்ல மஞ்சளாகி, இதழ் விரித்தது. முதல் பூவைவிடக் கொஞ்சம் சின்னதாய் இன்னொரு பூ.

படுத்த செடி அப்புறம் எழவே இல்லை. காம்புக்கு இரண்டு பூ பூப்பதும் அன்று தொடங்கியதுதான். பெரியது காற்றோடு கடலுக்குப் போய்விடும். சின்னது விதையாகும்; அதைக் கடல் இன்றுவரை கேட்டதில்லை. போட்ட கொசுறை யார் திருப்பிக் கேட்பார்கள்?